டென்னசியில் இருக்கும் தம்பிக்கு, பிளாக்பெர்ரி டம்ப்ளிங் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் வாடகை வீட்டின் பின்வேலியை மூடிக் கிடப்பது பிளாக்பெர்ரிதான், சந்தேகமே வேண்டாம். மூன்றும் ஐந்துமாக இலை, வளைந்த முள், ஒரே கொத்தில் சிவப்பும் கறுப்பும். இதை வைத்து என்ன செய்யலாம், வீட்டில் ஓவன் வேறு ரிப்பேர் என்று கேட்டிருந்தாய். ஓவன் இல்லாதது ஒரு வகையில் நல்லதுதான். இருந்திருந்தால் நீயும் எல்லாரையும் போல, பழத்தின் மேல் மாவு போட்டு ஓவனில் சுடும் காப்ளர் செய்யப் போயிருப்பாய். அதற்கு முந்தைய பண்டம் ஒன்று இருக்கிறது. அடுப்பு மேல் ஒரு பானை, அதற்கு ஒரு நல்ல மூடி, இவ்வளவு போதும்.

பழத்தைச் சர்க்கரையும் தண்ணீரும் விட்டுக் கொதிக்க வைத்து, அதன் மேல் தளர்ந்த மாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டு மூடி வைப்பார்கள். அதுதான் பிளாக்பெர்ரி டம்ப்ளிங். மாவைத் தேய்த்துப் பட்டையாக வெட்டிப் போடும் வீடுகளும் உண்டு, ஆனால் கரண்டியால் போடுவதுதான் உனக்குச் சரிப்படும். இதே மாதிரி ஒன்றை வடக்கே நியூ இங்கிலாந்தில் ஸ்லம்ப், கிரன்ட் என்பார்கள். உனக்குக் கிழக்கே, வட கரோலினாவின் சர்ரி கவுண்டியில் சோங்கர் என்று இதற்கு ஒரு பங்காளி உண்டு.

இது வசதியான வீட்டுப் பண்டம் இல்லை. அமெரிக்கத் தெற்கில் பருத்தி போட்டுப் போட்டுச் சத்துப் போன நிலங்களைக் கைவிட்டபோது, அங்கே சீக்கிரம் ஏறிய புதர்களில் பிளாக்பெர்ரியும் ஒன்று. வேலியோரம், ரயில் பாதையோரம், காட்டு விளிம்பு என்று எங்கும் காய்த்தது. அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கும், பிறகு விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுத குடும்பங்களுக்கும் காசில்லாமல் கிடைத்த இனிப்பு அது. மாவும் பன்றிக் கொழுப்பும் வீட்டில் இருக்கும். வெள்ளைச் சர்க்கரை இல்லாத வீட்டில் சோர்கம் பாகு இருக்கும். இனிப்புச் சோளத் தண்டைப் பிழிந்து காய்ச்சும் அந்தப் பாகை உன் பக்கத்தில் இன்றைக்கும் காய்ச்சி விற்கிறார்கள், கிடைத்தால் வாங்கி வை. கணப்பில் வைத்த ஒரே இரும்புப் பானையில் முழுக் குடும்பத்துக்கும் இனிப்பு ஆகிவிடும். அலபாமா 2004-ல் பிளாக்பெர்ரியைத் தன் மாநிலப் பழமாக்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே அது ஏழைகளின் பழமாகிவிட்டது.

பறிக்கப் போகும்போது முழுக்கைச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொள். முள்ளை விடு, அது கண்ணுக்குத் தெரியும். சிக்கர் என்று ஒரு பூச்சி உண்டு, கண்ணுக்கே தெரியாது, சாக்ஸ் விளிம்பிலும் இடுப்பிலும் கடித்துவிட்டு ஒரு வாரம் சொறிய வைக்கும். உண்ணியும் உண்டு. கீழே காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்பு படுத்திருக்கலாம், கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டிவிட்டு விடு. புதருக்குள் முள்ளே இல்லாமல் மும்மூன்று இலையாகக் கொடி ஒன்று ஏறியிருந்தால் தொடாதே, அது பாய்சன் ஐவி. மாமரமும் முந்திரியும் அதன் சொந்தக்காரர்கள். மாங்காய்ப் பால் பட்டு உனக்கு உதட்டோரம் புண்ணாகுமே, அந்தச் சங்கதியின் இன்னும் கொடூரமான வடிவம். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவு.

எது பழுத்தது என்று நிறத்தை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கறுத்து மினுமினுவென்று இருப்பது இன்னும் புளிக்கும். மினுக்குப் போய் மங்கலாகி, தொட்டதும் கையோடு வருவதுதான் பழம். பறித்த பிறகு இது பழுக்காது, அதனால் அவசரப்படாதே. ஆனால் டம்ப்ளிங்குக்கு எல்லாம் பழுத்ததாக இருக்கவும் கூடாது. பத்துக்கு ஒன்று சிவப்பாக, அரைக்காயாக இருக்கட்டும். புளிப்பும், சாற்றைக் கொஞ்சம் கெட்டியாக்கும் பெக்டினும் அதிலிருந்து வரும். சாலையோரப் புதர்களை விட்டுவிடு, களைக்கொல்லி அடித்திருப்பார்கள்.

கடையில் விற்கும் கட்டைவிரல் பருமன் பழம் வேறு கதை. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 1964-ல் தொடங்கிய ஆய்விலிருந்து முள்ளில்லா ரகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, நவாஹோ, நாட்செஸ் என்று. பார்க்க அழகு, பறிக்கச் சுகம். சுவையில் உன் வேலிப் பழத்துக்கு ஈடில்லை என்பது என் கட்சி. விதைதான் காட்டுப் பழத்தின் ஒரே தொல்லை. பல்லில் சிக்குவது பிடிக்காவிட்டால், வெந்த பழத்தில் பாதியை எடுத்துச் சல்லடையில் மசித்துச் சாற்றைத் திருப்பி ஊற்று. முழுவதையும் வடித்துவிட்டால் ஜாம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

இனி அடுப்புக்கு வருவோம். பழம் 4 கப், ஏறக்குறைய 600 கிராம். உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் உள்ளே இருக்கும் சின்னப் புழுக்கள் வெளியே வந்துவிடும், முகம் சுளிக்காதே. நன்றாக அலசி, அகலமான பாத்திரத்தில் போட்டு, முக்கால் கப் சர்க்கரை, ஒன்றேகால் கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. பாத்திரம் ஸ்டீல் அல்லது எனாமல் பூசியதாக இருக்கட்டும். உன் மாநிலத்திலேயே, சவுத் பிட்ஸ்பர்க்கில், லாட்ஜ் கம்பெனிக்காரர்கள் 1896-லிருந்து இரும்புப் பாத்திரம் வார்க்கிறார்கள், உனக்கு ஆசை வரும். ஆனால் பூச்சில்லாத இரும்பில் இந்தப் புளிப்பைக் கொதிக்க விட்டால் இரும்பு வாடை ஏறும். கொதி வந்ததும் ஐந்து நிமிடம் விடு, பழம் பாதி உடைந்து பாதி முழுசாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் இப்போதைய சமையல் குறிப்புகளோடு எனக்குச் சண்டை. சாற்றில் சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கச் சொல்வார்கள். செய்யாதே. டம்ப்ளிங்கின் வேலையே சாற்றைக் குடிப்பதுதான். முன்கூட்டியே கெட்டியாக்கிவிட்டால் அது குடிக்க ஒன்றும் இருக்காது, அடி பிடிக்கும், மாவின் நடுப்பக்கம் பச்சையாக நிற்கும். நம்ம வீட்டுப் பால் கொழுக்கட்டையை நினைத்துக்கொள். உருண்டையிலிருந்து கசியும் மாவே பாலைக் கெட்டியாக்கும், போட்டவுடன் கரண்டியை விட்டுக் கிளறினால் கரைந்துவிடும். இதற்கும் அதே சட்டம்தான். மாவு போடும் நேரத்தில் சாறு ரசம் மாதிரி ஓட வேண்டும். இதென்ன தண்ணியாக இருக்கிறதே என்று உனக்குச் சந்தேகம் வந்தால் பதம் சரி.

மாவு: மைதா 1 கப், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, ஜாதிக்காய் துளி. கடையில் செல்ஃப் ரைசிங் மாவு வாங்கியிருந்தால் பேக்கிங் பவுடரும் உப்பும் அதிலேயே இருக்கும், மறுபடி போடாதே. தெற்கத்திக்காரர்கள் சத்தியம் செய்யும் ஒயிட் லில்லி மாவு உன் ஊரான நாக்ஸ்வில்லில் 1883-ல் பிறந்தது. அந்த ஆலையை 2008-ல் மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் பையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்கோதுமை மாவு, புரதம் குறைவு, அதனால் இழுவை வராது. நமக்குப் பழக்கமான மைதாவிலும் நன்றாகத்தான் வரும், அளவுக்கு மேல் பிசையாமல் இருந்தால்.

குளிர்ந்த வெண்ணெய் 2 மேசைக்கரண்டியை மாவில் விரலால் உதிர்த்து, சாறு தளதளவென்று கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் அரைக் கப் பாலை ஊற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் இரண்டு தடவை பொங்கும், ஈரம் பட்டதும் ஒரு முறை, சூடு பட்டதும் மறுமுறை. முன்னாடியே கலந்துவிட்டு போன் பேசப் போனால் முதல் பொங்கல் வீண். பத்துப் பன்னிரண்டு கிளறலில் நிறுத்து, கட்டி கட்டியாக இருக்கட்டும். சிலர் பாலுக்குப் பதில் மோரும் சமையல் சோடாவும் சேர்ப்பார்கள். சுவை நன்றாக இருக்கும், ஆனால் சோடா கைதவறிக் கூடினால் டம்ப்ளிங்கின் அடிப்பக்கம் நீலச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் செம்பருத்திச் சாற்றில் காரம் பட்டால் நிறம் மாறுவதைப் பார்த்தோமே, அந்தச் சோதனைதான்.

கரண்டியைக் கொதிக்கும் சாற்றில் ஒருமுறை நனைத்துக்கொண்டு மாவை எடு, வழுக்கிக்கொண்டு இறங்கும். எலுமிச்சை அளவு, எட்டு அல்லது ஒன்பது வரும். இடைவெளி விட்டுப் போடு, இரட்டிப்பாக ஊதும். முதலில் முங்கும், உடனே மேலே வந்து மிதக்கும், ஓரத்தில் ஊதா நுரை ஏறும். தீயைக் குறைத்து மூடிவிடு.

மூடியதற்கப்புறம் 15 நிமிடம் அதன் பக்கமே போகாதே. அடிப்பக்கம் சாற்றில் வேகும், மேல்பக்கத்தை வேக வைப்பது ஆவி மட்டும்தான். எட்டாவது நிமிடத்தில் ஆசைக்குத் திறந்து பார்த்தால் அந்த ஆவி போய்விடும், மேலே பிசுபிசுப்பாக ஒரு தோல் நிற்கும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாகாது. கண்ணாடி மூடி இருந்தால் உன் மாதிரி ஆளுக்கு நல்லது. மூடிக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய துணி கட்டினால் நீர் சொட்டாது, துணி முனை தீயில் படாமல் மேலே மடக்கிக் கட்டு. நேரம் ஆனதும் ஒரு டம்ப்ளிங்கில் பல்குச்சியைக் குத்திப் பார், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடு.

பார்க்க அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. மேலே வெள்ளையாக வெளுத்துப் போன பஞ்சு, கீழே மை ஊறிய பஞ்சு. இன்ஸ்டாகிராம்காரர்கள் இதைத் தொடாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எடுக்கும்போது குப்புறக் கவிழ்த்துக் கிண்ணத்தில் வை, ஊதாப்பக்கம் மேலே வரும், அதன் மேல் சாற்றைத் தாராளமாக ஊற்று. சூடாக இருக்கும்போதே குளிர்ந்த ஹெவி க்ரீமை, அடிக்காமல் சர்க்கரை போடாமல் அப்படியே, ஓரத்தில் விடு. வெனிலா ஐஸ்கிரீமும் தப்பில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, அலபாமா பண்ணையில் வளர்ந்தவர், க்ரீம் எதுவும் இல்லாமல் சாப்பிடுவார். மிஞ்சியதை மறுநாள் காலையில் கருப்புக் காபியோடு ஆறிப் போனபடியே சாப்பிடுவதுதான் அவருக்குப் பிடிக்கும். அதற்குள் டம்ப்ளிங் சாறு முழுவதையும் குடித்துவிட்டு அல்வா பதத்தில் இருக்கும். சூடு பண்ண வேண்டுமென்றால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துக்கொள்.

நாலு பேருக்கு மேல் வந்தால் அளவை இரட்டிப்பாக்காதே, இரண்டு பாத்திரத்தில் செய். ஒரே பாத்திரத்தில் நெருக்கினால் நடுவில் இருப்பது வேகாது. மிஞ்சிய பழத்தைக் கழுவித் துடைத்துத் தட்டில் பரப்பி உறைய வைத்து, அப்புறம் பையில் போட்டுவை. ஜனவரியில் உறைந்தபடியே பானையில் போடலாம்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இந்த வருஷம் காய்த்த தண்டு அறுவடையோடு செத்துவிடும், அதை அடியோடு வெட்டிவிடலாம். பக்கத்தில் பச்சையாக, காய் எதுவும் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்பதுதான் அடுத்த வருஷம் காய்க்கப் போவது. வேலியைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வீட்டுக்காரர் மெஷினோடு வந்தால் அதை விட்டுவிடச் சொல். முடிந்தால் அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா