அம்மாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் புளோக்கில் இருப்பவர்களுக்கும், அம்மாவின் கோயில் தோழிகளுக்கும், முகம் தெரியாத சிலருக்கும் சேர்த்து நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கீழ்த்தளத்து கிளினிக் டாக்டர். காய்ச்சலும் இருமலும் விடவில்லை என்று போன அம்மாவின் நெஞ்சைச் சோதித்ததோடு நிற்காமல், சேலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் காலையும் பார்த்தார். கணுக்காலிலிருந்து மேலே ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினார், மறையவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது, இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 6,000 என்றார்கள். 150,000க்கு மேல் இருக்க வேண்டியது! நம் ஊரில் பிளேட்லெட் இறங்கினால் டெங்கிதான் என்போம், அது இல்லை. நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் சிலருக்கு ஆள் மாறிப் பிளேட்லெட்டில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டியதையெல்லாம் மண்ணீரல் அழித்துவிடுமாம். அதனால் பிளேட்லெட் ஏற்றினாலும் நிலைக்காது, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும்தான் கொடுக்க வேண்டும், கிருமிக்குத் தனியாக ஆன்டிபயாட்டிக் என்று வார்டில் இருந்த இளம் டாக்டர் அம்மாவுக்குப் புரியும்படி தமிழிலேயே, அவசரப்படாமல் சொன்னார். அப்புறம்தான் அம்மா அழுவதை நிறுத்தினார்.

இரவுத் தாதி ஒருவர் ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி, கசிவு நிற்கும்வரை கையை எடுக்காமல் அம்மாவோடு மலாயில் கதை பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா), அம்மாவின் ஈறில் ரத்தம் வருகிறது என்று கேள்விப்பட்டதும், கோழியை எலும்பு நீக்கி நூலாகப் பிய்த்துப் போட்டுக் குழையக் குழைய பூபோர் என்ற அரிசிக் கஞ்சி செய்து அனுப்பினார்.

அந்த இம்யூனோகுளோபுலின் ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து, பிரித்தெடுப்பது. அவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரத்த வங்கிக்கு வேலை முடிந்து போய்ப் படுத்துக் கை நீட்டுகிறீர்களே, உங்களிடமே அந்த நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பிளேட்லெட் 140,000ஐத் தாண்டிவிட்டது, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள், ரத்தப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள், இருமல் சளி இருந்தால் மட்டும் அது சரியானதும் வாருங்கள். அம்மா எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.