நயோமி பற்றி அத்தை சொன்னதும் நான் சொன்னதும்

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. தரணம்பேட்டையிலிருந்து கோபாலபுரம் வரை வழி நெடுக உடைத்த தேங்காய்த் தண்ணீரில் தெருவே பிசுபிசுத்துக் கிடந்தது. ராணிப்பேட்டை சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டிருந்தேன், வரவில்லை. ஊரில் இல்லையாம். சரி. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்திருந்தது, எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தேன், உன் நினைவாகவே இருந்தது. நீ ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

போனில் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்ன விண்வெளித் தொடர், எக்ஸ்பான்ஸ், பார்த்து முடித்துவிட்டேன். ஆறு சீசன், 62 எபிசோட். நீதான் பார் பார் என்று தொந்தரவு செய்தாய். "முதல் நாலு எபிசோட் பொறுத்துக்கோம்மா, அப்புறம் உன்னை எழுந்திருக்க விடாது" என்றாய். அப்படித்தான் ஆனது. சனிக்கிழமைதோறும் அதைப் பற்றி நீயும் நானும் பேசிக்கொண்டிருந்தது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதில் நயோமி கப்பலிலிருந்து வெற்றிடத்தில் குதிக்கிற எபிசோடைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், அன்றைக்குத்தான் நீ முதன்முதலாகப் பாதியில் வைத்தது. அதற்குப் பிறகு தொடரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பார்க்கச் சொன்னவளே விட்டுவிட்டுப் போனால் நான் யாரிடம் பேசுவேன்?

அதனால் இங்கே இருப்பவர்களிடம் பேசினேன். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அப்பாவுக்குப் பூமியின் அரசியல் தலைவி அவசரலாதான் எல்லாம். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் வருகிற வசவெல்லாம் இவருக்குப் பாதி புரியாது, ஆனாலும் அவர் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நடிக்கிறவர் ஷோரே அக்தஷ்லூ, ஈரானில் பிறந்தவர் என்று சொன்னேன், நம்பவே மாட்டேன் என்கிறார். புடவைக்கட்டைப் பார்த்தால் நம்மூர்க்காரிதான் என்று பிடிவாதம். மாடியில் குடியிருக்கிற இன்ஜினியரிங் பையனுக்கு நாலாவது சீசன் பிடிக்கவில்லை. புதுக் கிரகத்தில் இறங்கியதும் கதை படுத்துவிட்டது என்கிறான். கடைசி சீசனை ஆறே எபிசோடில் சுருட்டிவிட்டார்கள், லாகோனியா என்கிற கிரகத்தின் கதையைத் தொட்டுவிட்டு அந்தரத்தில் விட்டார்கள் என்று கோபப்படுகிறான். அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நாவல்கள் ஒன்பது இருக்க, தொடர் ஆறோடு நின்றுவிட்டது. 2018-இல் சிஃபை சேனல் மூன்றாவது சீசனோடு கைவிட்டபோது ரசிகர்கள் காசு சேர்த்து, அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானம் பறக்கவிட்டார்கள் என்று அவன்தான் சொன்னான். அந்த மாதமே அமேசான் எடுத்துக்கொண்டதாம். பிடித்த ஒன்றுக்காக முன்பின் தெரியாதவர்கள் கைகோர்த்து நின்றது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என் கருத்தைக் கேட்டால், முதல் சீசனில் தண்ணீரைக் காட்டிய விதத்துக்கே இந்தத் தொடருக்குக் கும்பிடு போடலாம். சீரீஸ் என்கிற குறுங்கோளில் குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள், சனிக் கிரகத்து வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றி வர ஒரு கப்பல். பார்த்ததும் எனக்கு 2019 ஜூலைதான் ஞாபகம் வந்தது. நமக்கே குழாயில் சொட்டு இல்லாத கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். சென்னைக்காரர்கள் தவித்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்த ரயில் போகும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று வெளியூரில் யாரும் கேட்கவில்லை. அந்தக் குறுங்கோள்களில் வாழ்கிற பெல்ட்டர்களின் கோபம் எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது.

அப்புறம் இயற்பியல். பதினொன்றாம் வகுப்புக்கு லிஃப்ட் கணக்கு நடத்தும்போது பிள்ளைகள் பாதிப் பேர் தூங்குவார்கள். கப்பல் முடுக்கத்தில் போகும்போது தரை காலை அழுத்துகிறது, அதுதான் அங்கே எடை, இன்ஜின் நின்றால் மிதக்க வேண்டியதுதான். இதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு தொடரை நான் பார்த்ததில்லை. பாதி வழியில் கப்பலைத் திருப்பி வைத்து வேகத்தைக் குறைக்கிறார்களே, அந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். சுழல்கிற சீரீஸில் துப்பறிகிற மில்லர் மதுவை ஊற்றும்போது அது நேராக விழாமல் வளைந்து விழுகிறதே, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விண்வெளியில் சத்தம் கேட்பது மட்டும் தப்பு. அதற்கு அரை மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

அந்த அஸ்ட்ராய்டு பெல்ட்டில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார் தெரியுமா? 1988 பிப்ரவரியில் காவலூர் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர், எண் 4130. நீ அப்போது பிறக்கவில்லை. ஆலங்காயம் மலை ஏறி அந்தச் சனிக்கிழமை ராத்திரி உனக்குச் சனியின் வளையத்தைக் காட்டினோமே, அதே காவலூர்தான். வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாம் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர, நீ கண்ணை எடுக்க மாட்டேன் என்றாய். கண்காணிப்பவர் "போதும் பாப்பா" என்று சொல்லியும் நகரவில்லை. அந்தப் பிடிவாதம்தான் உன்னை டொரண்டோ வரைக்கும் கொண்டுபோனது. இந்தத் தெருவில் உன்னைப் போல் படித்த பெண் யார் இருக்கிறாள்? அந்தப் பெருமை எனக்கு என்றைக்கும் குறையாது. என்ன நடந்தாலும் குறையாது.

இப்போது நயோமி.

அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது ஐந்தாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் தெரியாது என்றாலும் கூடவே உட்கார்ந்து கதை கேட்பார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போனவதானே இவ" என்றார். மாடிப் பையனும் அதே பாட்டு. நயோமி சுயநலக்காரி, அவள் பாகம் வந்தாலே கதை இழுக்கிறது, ஒருத்தி தனியாக ஒரு கப்பலில் தவிப்பதை எத்தனை நேரம் காட்டுவார்கள் என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது பாப்பா. அத்தையிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு உயர்த்தினேன்.

அவள் விட்டுவிட்டா போனாள்? அவள் எழுதிய நிரலை வைத்து, பிள்ளையின் அப்பன் மார்கோ ஒரு கப்பலையே வெடிக்க வைத்தான். அத்தனை உயிர் போனது. இனி இவனோடு இருக்க முடியாது என்று அவள் சொன்னதும், போகவிடாமல் இருக்கக் குழந்தையை ஒளித்து வைத்தான். ஊருக்கெல்லாம் அவன் தலைவன், பேச்சில் மயங்காதவர் இல்லை. வீட்டுக்குள் அவன் என்ன என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் தங்கமாக இருக்கிற ஆளைப் பற்றிப் பெண் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? அந்த இடத்தில் அவள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டாள். உயிர் பிழைக்க வெளியே வந்தவளை ஓடிப்போனவள் என்று சொல்லக் கூடாது. இதை அத்தையிடம் சொன்னேன். இனி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அத்தை வாயை மூடவில்லை. பொம்பளைதான் பொறுத்துப் போகணும் என்றார். அப்போது நான் கேட்டேன்: வருஷா வருஷம் வைகாசி ஒன்றாம் தேதி நாம் யாருடைய சிரசைத் தூக்கி ஊர்வலம் விடுகிறோம்? கட்டினவன் சொன்னான், பெற்ற பிள்ளை வெட்டினான். அவள் பிள்ளை பிலிப்பை மார்கோ வளர்த்ததும் அப்படித்தான். ஆனால் நம் ஊர் கும்பிடுவது ரேணுகையைத்தானே? ஜமதக்னிக்கு இங்கே யார் தேங்காய் உடைக்கிறார்கள்? அத்தை பதில் சொல்லவில்லை. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொல்றது சரிதான்" என்றார். அப்பா சொன்னார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குதிக்கிற காட்சியைப் பற்றி நீ பேசவிடாததால் இங்கே சொல்கிறேன். கவச உடை இல்லாமல் வெற்றிடத்தில் குதிக்க முடியுமா என்று பையன் கேட்டான். சினிமா இல்லை, கொஞ்சம் முடியும். 1966-இல் ஹூஸ்டனில் வெற்றிட அறைக்குள் ஒருவருக்கு உடையின் குழாய் கழன்றுவிட்டது. ஏறக்குறைய 14 விநாடி நினைவோடு இருந்தார். நாக்கின் ஈரம் கொதிப்பது தெரிந்ததாம். உடனே அறைக்குள் காற்றை விட்டார்கள், பிழைத்துக்கொண்டார். மார்கோவின் கப்பலில் சிறைப்பட்ட நயோமி ஆக்சிஜன் ஏற்றிய ஊசியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறாள். அடுத்த கப்பலில் போய்ச் சேரும்போது கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, தோல் வெந்து கிடக்கிறது. அவ்வளவு தூரம் போகத் துணிகிறாள் என்றால் உள்ளே இருந்தது எப்படி இருந்திருக்க வேண்டும்? பையன் காட்சியைப் பார்த்தான். நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வருகிறதே, அவள் போய்ச் சேர்ந்த அந்தக் கப்பல் அவள் குரலிலேயே ஒரு செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். காப்பாற்ற வருகிறவர்களைக் கொல்ல வைத்த பொறி. அதை நிறுத்த முடியாமல், கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவில் வெட்டுகிறாள். ஆபத்தில் இருக்கிறேன் என்பது, எல்லாம் என் கையில் இருக்கிறது என்று மாறிப் போகிறது. மற்றவர்கள் கேட்டால் நலமாக இருக்கிறாள் என்று நினைப்பார்கள். அவளை நேசிக்கிற ஹோல்டனுக்கு மட்டும் அவள் குரலில் ஏதோ சரியில்லை என்று தெரிகிறது.

நீயும் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்கிறாய்.

போன தடவை வீடியோவில் உனக்குப் பின்னால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். சரி. தலைமுடி ரொம்பக் கொட்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் கிடைக்கிறதா? வாரத்தில் ஒரு நாளாவது வை. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்வாய், நானும் சரி என்பேன். உங்களுக்கு அப்போது ராத்திரி பத்தரை. எனக்குக் கணக்குத் தெரியும், ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொல்லும்வரை கேட்க மாட்டேன் என்று அப்பாவுக்கும் சத்தியம் செய்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மட்டும் மறைக்கத் தெரியவில்லை.

பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு வார்த்தை போய்ச் சேரக் குறைந்தது மூன்று நிமிஷம், தூரமாக இருக்கும்போது இருபது நிமிஷத்துக்கும் மேல். தொடரில் எல்லோரும் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். பதில் எப்போது வருமோ அப்போது வரட்டும் என்று இருக்கிறார்கள். நானும் அப்படி இருக்கக் கற்றுக்கொள்கிறேன். நீ ஒரு வரி எழுது போதும். ராத்திரி சாப்பிட்டேன் என்று எழுது. கதவைப் பூட்டிக்கொண்டு படு.

கடைசி எபிசோட் எனக்கு ஆறவே இல்லை. பிலிப் அப்பனை விட்டு வெளியே வந்து, பெயர் கேட்கும்போது நகாடா என்று தாயின் பெயரைச் சொல்கிறான். அவளோ அவன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே கதை முடிகிறது. யாராவது ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா? மாடிப் பையன் இதுதான் நல்ல முடிவு என்கிறான். அவனுக்கு வயது இருபது. ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியதைத் தெரியாமலே வைத்து முடிப்பதை நான் நல்ல முடிவு என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வாங்கிவிட்டேன். விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று மாடிப் பையன் பார்த்துச் சொன்னான். அதில் நீ எழுதித் தர வேண்டிய அழைப்புக் கடிதம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் அனுப்பு. டிக்கெட்டுக்கு என் பென்ஷன் பணம் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் வர வேண்டாம், நீயே வருகிறேன் என்றால் அதுவும் சரி. உன் அறையை ஒழித்து, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறோம். எத்தனை நாளைக்கு என்று இங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். அத்தையும் கேட்க மாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா