பிக்கப் வண்டி: ஏற்றிச் செல்வது யார் பொறுப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தோட்டக்காரர்கள் பிக்கப் வண்டி வாங்குவது தேவைக்காகவா, ஊருக்குக் காட்டவா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எழுதியவர்களில் ஒரு சாரார் எந்தப் பிக்கப்பையும் ஆடம்பரம் என்கிறார்கள். மறுசாரார் தோட்டம் என்று ஒன்று இருந்தால் பிக்கப் இல்லாமல் முடியாது என்கிறார்கள். இரு சாராரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. விளைந்த பொருளை ஏற்றிச் செல்லும் பொறுப்பு விற்பவருடையதா, வாங்குபவருடையதா? கொங்கு நாட்டில் இதற்கான விடை பயிருக்குப் பயிர், தொழிலுக்குத் தொழில் மாறுகிறது. அந்த விடையைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் பொருளில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். காய் வெட்டும் ஆட்களையும், மட்டை உரிப்பவர்களையும், லாரியையும் பெரும்பாலும் வியாபாரியே கூட்டி வருகிறார்; தோப்புக்காரர் நிழலில் நின்று எண்ணிக்கையைச் சரிபார்த்தால் போதும். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் நிறுவனத்தின் வண்டியிலேயே வந்து இறங்குகின்றன. ஏறத்தாழ 6 வாரத்தில் வளர்ந்த கோழியையும் நிறுவனமே பிடித்து ஏற்றிக்கொள்கிறது. கறவை மாடு வைத்திருப்பவரின் பால், ஊர்ச் சங்கம் வரைக்கும் மொபெட்டில் போய்விடுகிறது. மஞ்சள் போட்டவருக்கோ, அறுவடை முடித்து, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய பிறகு ஈரோட்டுக்கோ பெருந்துறைக்கோ மூட்டைகளை அனுப்ப ஆண்டுக்கு ஓரிரு நடை லாரி வாடகைக்குக் கிடைத்தால் வேலை முடிந்தது. இவர்கள் வீட்டு வாசலில் சொந்தப் பிக்கப் நிற்குமானால், அது புண்ணாக்கு மூட்டையும் உர மூட்டையும் வாங்கிவரத்தான் பெரிதும் பயன்படும். கணிசமாக வாங்கினால், அவற்றையும் கடைக்காரரே வண்டி வைத்து அனுப்பிவிடுகிறார்.

காய்கறி போடுபவரின் நிலைமை முற்றிலும் வேறு. தக்காளியைப் பறித்துவிட்டால் அன்றே சந்தைக்குப் போயாக வேண்டும். ஒட்டன்சத்திரமோ, உடுமலையோ, கோவையோ, கொண்டுபோய் இறக்குவது விளைவித்தவர் பொறுப்பு. பருவத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் பறிப்பு விழும். வாடகை வண்டிக்காரர் முதலில் சொன்னவருக்கும் அதிகப் பெட்டி உள்ளவருக்கும்தான் முதலில் வருவார். நாற்பது பெட்டி வைத்திருப்பவர் வரப்பில் காத்திருப்பார். அவர் பெட்டிகள் சந்தைக்குப் போய்ச் சேரும்போது கேரளத்துக்கு ஏற்றும் வியாபாரிகள் தேவையானதை வாங்கி முடித்திருப்பார்கள். மீதியை யாரோ கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இப்படிச் சில பருவங்களைக் கண்டவர் சொந்த வண்டி வாங்குவதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலை அடியோடு விழுந்து, பறிகூலிக்கும் வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விடும் நாட்களில் சொந்த வண்டியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சந்தையில் விலை இல்லையென்றால் அடுத்த சந்தைக்குத் திருப்பலாம் என்ற வசதி மட்டும் மிஞ்சும். சில நாட்களில் அந்த வசதியே போட்ட செலவைக் காப்பாற்றிவிடுகிறது.

தோட்டத்தை விட்டுத் தொழில்களுக்கு வந்தால் விவாதத்துக்கே இடமில்லை. திருப்பூரில் துணி, நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து, பின்னால் சுருங்காதபடி துணியை அழுத்திப் பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்கும், பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்றும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது; ஒரு பனியன் உருவாவதற்குள் அது எத்தனை வண்டி ஏறி இறங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களிலும் பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) வருவதும் நெய்த துணி போவதும் இப்படித்தான். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதைக் 'குட்டியானை' என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டதும், 2011-இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த்தும், மகிந்திராவின் பொலிரோ பிக்கப்பும் இங்கே தெருவுக்குத் தெரு நிற்பதும் இந்தத் தேவையால்தான்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். ஒற்றைக் கேபின் பிக்கப் ஒன்றுக்கு 8 இலட்சம் ரூபாய் கடன் வாங்கி, 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 17,000 ரூபாய். பக்கத்துச் சந்தைக்கு ஒரு நடை வாடகை 1,500 ரூபாய் என்று கொண்டால், தவணைப் பணம் மட்டுமே 11 நடை வாடகைக்குச் சமம். சொந்த வண்டிக்கு டீசல் நாமே போட வேண்டும். காப்பீடு, டயர், வரி, எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்று ஆகியவற்றின் செலவு தனி. அவற்றையும் சேர்த்தால் மாதம் 20 நடையை ஒட்டி ஓடினால்தான் வாடகை வண்டியைவிடச் சொந்த வண்டி மலிவு. ஐந்தாண்டு முடிவில் கையில் ஒரு வண்டி மிஞ்சும் என்பது உண்மை. அதை விற்றால் கிடைக்கும் விலையைக் கழித்தாலும் வாரத்துக்கு மூன்று நடையாவது சுமை இருக்க வேண்டும் என்பது என் மதிப்பீடு. தன் தோட்டத்துச் சுமை போதாதவர் அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு ஓட்டி ஈடுகட்டலாம். ஆனால் அது விவசாயம் அல்ல, வாடகை வண்டித் தொழில். அதற்குரிய நேரமும் உடலும் தமக்கு இருக்கிறதா என்று யோசித்துவிட்டே இறங்க வேண்டும்.

விவாதத்தில் பலர் குறிவைத்தது இந்த வண்டிகளை அல்ல, 2016-இல் வந்த இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் வண்டிகளை என்று நினைக்கிறேன். இவற்றைச் சுமைவண்டி என்று சொல்லி நியாயப்படுத்துபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஐந்து பேர் உட்கார இடம் ஒதுக்கிய பிறகு பின்னால் எஞ்சும் தொட்டி ஏறத்தாழ 5 அடி நீளம். ஏற்றக்கூடிய எடை அரை டன்னைத் தாண்டாது. 25 இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் இந்த வண்டியைவிட, அதன் விலையில் பாதிகூட இல்லாத பொலிரோ பிக்கப் இரண்டு மூன்று மடங்கு ஏற்றும். தொட்டியின் விளிம்பு உயரமாக இருப்பதால், வாழைத்தாரைத் தூக்கிக் கொடுக்கும் பெண்களுக்குத் தோள் விட்டுப்போகும். இவை 5.3 மீட்டர் நீளமும் 1.8 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கொண்டவை. இருபுறமும் கிளுவை வேலி அடைத்த ஒடுங்கிய தோட்டப் பாதைகளான நம் இட்டேரிகளில் எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால், யாராவது ஒருவர் பின்னோக்கியே வந்த வழி முழுவதும் போக வேண்டும். மலையடிவாரத்துக் கரட்டுக் காடுகளுக்கு நான்கு சக்கர இயக்கம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேருடைய தோட்டம் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது?

அதற்காக, கவுரவத்துக்கு ஒரு பொருளை வாங்குவதே குற்றம் என்று எழுதியவர்களோடும் நான் சேரவில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நல்ல சோடிக் காங்கேயம் காளை வாங்கி வந்தவருக்கு ஊரில் கிடைத்த மதிப்பு சிறியதா? அந்தக் காளைகள் மறுநாள் ஏர் உழுதன, வண்டி இழுத்தன என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. பெண் பார்க்க வருபவர்கள் வாசலில் நிற்கும் வண்டியைக் கண்ணால் அளக்கிறார்கள் என்பதும் நாம் எல்லோரும் அறிந்ததே. வசதி உள்ளவர் ஆசைக்கு வாங்கட்டும். அது அவர் பணம். விளைநிலத்தை அடமானம் வைத்து வாங்கிவிட்டு, அதை விவசாயச் செலவு என்று வீட்டாரிடம் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

வாங்க முடிவு செய்தவர்கள் பலர் சட்டத்தைப் பற்றி அரைகுறையாக அறிந்திருப்பதால் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. தனி உரிமம் வேண்டுமோ என்ற பயம் இனி வேண்டியதில்லை. சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால் மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. களையெடுக்க வரும் பெண்களையும், பழனிக்கும் சென்னிமலைக்கும் போகும் உறவினர்களையும் பின்னால் ஏற்றிச் செல்வது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. சரக்கு வண்டியில் அவ்வாறு ஆட்களை ஏற்றுவது சட்டவிரோதம். சரக்குக்கு உரியவரும் அவருடைய பிரதிநிதியும் தவிர, ஏறி வந்த பிறருக்குக் காப்பீடு பொருந்தாது. ஒரு விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளரின் தலையில்தான் விழும். பிக்கப் இருந்தால் குடும்பத்துக்கும் ஆகும் என்று கணக்குப் போடுபவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, அரசுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உழவு எந்திரங்களுக்கு வாடகை மையங்கள் இருப்பது போல, காய்கறி மிகுந்த வட்டாரங்களில் உறுப்பினர்களுக்கென்று இரண்டு மூன்று பிக்கப் வண்டிகளை நிறுவனத்தின் பெயரில் வைத்து, முதல் நாள் மாலையே முறை எழுதி, பறிப்பு நாளில் தோட்டம் தோட்டமாக அனுப்பலாம். இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டவர் தனியாக மாதம் 17,000 ரூபாய் தவணை கட்டும் தேவை அதனால் பெருமளவு குறையும். அடுத்த பருவத்துக்கு முன்பே ஒட்டன்சத்திரம், உடுமலைச் சந்தைகளை நம்பியிருக்கும் ஊர்களில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.