கராஜின் வெப்பம் பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

மாமாவிடமிருந்து நீ வாங்கவிருக்கும் நிஸான் லீஃப் மின்சாரக் காரை நிறுத்துவதற்கு நமது கராஜில் ஏசி பூட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் கராஜ் இப்போது இருக்கும் நிலையில் அந்தக் காரை உள்ளே விடவும் நான் சம்மதிக்கமாட்டேன். நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்னர் மேசன் பாஸைக் கொண்டு செய்விக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. பணம் உன்னுடையது என்பதால், ஒவ்வொன்றும் ஏன் தேவை என்பதை விளங்கிக்கொண்டு நீ சம்மதம் தரவேண்டும் என்று விரும்பி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உயர்தர வகுப்பில் தாக்கவீதம் பற்றி என்னிடமே படித்தவள் நீ. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற பருமட்டான விதி இலிதியம் பற்றரிக்கும் பொருந்தும். கார் ஓடாமல் நிற்கும்போதும், பற்றரியின் ஒரு மின்முனையான அனோட்டின் மேற்பரப்பில், உள்ளே இருக்கும் திரவமான மின்பகுபொருள் மெல்லச் சிதைந்து ஒரு படலமாகப் படிந்துகொண்டே இருக்கிறது. அந்தப் படலம் தடிக்கத் தடிக்க, மின்னைச் சுமக்க வேண்டிய இலிதியத்தில் ஒரு பகுதி அதற்குள் அகப்பட்டுப் பயனற்றுப் போகிறது. வெப்பம் கூடினால் இது விரைவுபடும். பற்றரி முழுச் சார்ஜுடன் நின்றால் இன்னும் விரைவுபடும். கார் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் ஓடும், மீதி நேரமெல்லாம் நிற்கும். ஆகையால் பற்றரியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது காலி வீதியின் வாகன நெரிசலைவிட நமது கராஜ்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

லீஃப் விடயத்தில் இது இரட்டிப்பு உண்மை. இப்போது வரும் பல மின்சாரக் கார்களில் பற்றரியைக் குளிர்விக்கத் திரவமோ, ஏசியின் குளிரூட்டும் வாயுவோ ஓடும் குழாய்கள் உள்ளன. வெப்பம் எல்லை மீறினால் அவை தாமாகவே தம்மைக் காத்துக்கொள்ள முயலும். மாமாவிடம் இருப்பதைப் போன்ற பழைய லீஃபின் பற்றரிக்கு அந்த வசதி கிடையாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடோ, காலப்போக்கில் அதுவும் அவ்வளவு சூடு. 2012 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் லீஃப் கார்களின் பற்றரிக் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக முறையிட்டனர். அதன் பின்னர் நிஸான் நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் வழங்கியது. 2015 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் பற்றரியையும் பொருத்தியது. ஆயினும் மாமாவிடம் இருக்கும், 40 கிலோவாட் மணி பற்றரி பூட்டிய காரிலும் திரவக் குளிர்ச்சி இல்லை. பீனிக்ஸ் கோடையில் 40 பாகையைத் தாண்டும் என்றாலும் அங்கு ஒரு குளிர்காலம் உண்டு. கொழும்பில் 34 பாகைக்கு மேல் அரிதாகவே போகிறது, ஆனால் ஆண்டு முழுவதும் இரவில்கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பற்றரிக்கு இங்கே ஓய்வுப் பருவம் என்று ஒன்று இல்லை.

ஏறக்குறைய 300 கிலோகிராம் நிறையுள்ள அந்தப் பற்றரி, வெயிலில் கிடந்த அம்மிக்கல்லைப் போல மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவது. ஒரு மதியத்தின் உச்ச வெப்பம் அதற்குப் பெரிதல்ல. இரவு பகலாகச் சேர்ந்த சராசரிதான் பெரிது. நான் விறாந்தையில் ஒரு வெப்பமானியும் கராஜுக்குள் ஒன்றும் தொங்கவிட்டுப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு விறாந்தையில் 32 பாகை, ஷட்டர் மூடிய கராஜில் 40. அதைவிட எனக்குக் கவலை தந்தது இரவு பத்து மணிக் கணக்கு: வெளியே 28 ஆக இறங்கிய பின்னும் உள்ளே 33 ஆகவே நின்றது. சராசரியில் ஐந்து பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், மேற்சொன்ன விதிப்படி, நிற்கும்போது நிகழும் தேய்வு ஏறக்குறைய 1.4 மடங்காகும். அந்த ஐந்து பாகையை எடுத்துவிட்டால் போதும்; அதற்கு ஏசி தேவையில்லை.

முதல் வேலை கூரை. நாம் பூமத்தியரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரலின் முதல் பாதியிலும் மீண்டும் ஓகஸ்ட் இறுதி, செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். குளிர்நாடுகளில் சுவருக்குச் செய்யும் காப்பை இங்கே கூரைக்குச் செய்யவேண்டும். நமது கராஜின் கூரைத் தகடான அமானோ சீற் வெயிலில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, அந்தச் சூட்டைக் கதிர்வீசலாகக் கீழே நிற்கும் காரின் மேல் நேரே இறக்குகிறது; கராஜுக்குள் காற்று எவ்வளவு வீசினாலும் கதிர்வீசல் நிற்காது. ஆகவே மேலே வெள்ளைப் பிரதிபலிப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு, கீழே அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன். இந்த இரண்டாவதில் பாஸ்மார் வழக்கமாகக் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு: மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது பயன் தரும். தகட்டுடன் அமத்தி ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்தில் உலோகம் உலோகத்துக்குச் சூட்டைக் கடத்திவிடும். சட்டம் அடித்து இரண்டு அங்குலமாவது கீழே இறக்கி, மினுங்கும் பக்கம் கீழே பார்க்கும்படி பூட்டச் சொல்லியிருக்கிறேன். கீழே பார்த்திருந்தால் தூசியும் படியாது. வெள்ளைப் பெயின்ற் நமது ஈரக் காற்றில் ஓராண்டுக்குள் பாசி பிடித்துக் கறுக்கும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் கழுவ வேண்டும். அதை நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்வேன்.

அடுத்தது காற்று. சூடான காற்று மேலே போகும்; அது வெளியேற வழியில்லாதபடியால்தான் இரவிலும் கராஜ் ஆறவில்லை. மேற்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, வலை அடித்த நீண்ட திறப்பு ஒன்றும், கிழக்குச் சுவரின் அடியில் இன்னொன்றும் வேண்டும். மேற்குப் பக்கத்தில் திறப்பது வெயிலை உள்ளே விடாதா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முற்பகலிலிருந்து மாலைவரை கடற்காற்று வருவது அந்தப் பக்கத்தால்தான். வெயிலைத் தடுக்க ஒன்றரை அடி நீளமான ஒரு தட்டும், சுவருக்கு வெளியே ஒரு கொடித்தோடைப் பந்தலும் போதும். முன்புற றோலர் ஷட்டருக்கு முழுத் தகடு வேண்டாம். கீழ்ப் பாதியாவது துளையிட்ட தகடாக இருக்கட்டும். காற்று அசையாத நாட்களுக்கு மேல்திறப்பில் ஒரு சிறிய எக்ஸோஸ்ட் ஃபேன். 40 வாட் அளவுள்ளது போதும், ஆனால் உடல் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும், ஏனெனில் நமது வீட்டுக்கு வரும் காற்றில் உப்பு இருக்கிறது.

தண்ணீர் ஊற்றி இயக்கும் கூலர்களை யாராவது சிபாரிசு செய்தால் கேளாதே. வரண்ட ஊர்களில் அவை நன்மை செய்யும். ஈரப்பதன் 80 வீதத்தைத் தொடும் கொழும்பில் தண்ணீர் ஆவியாக இடமில்லை, கராஜ் புழுங்குவதுதான் மிச்சம். ஏசிக்கும் இதே தன்மையான மறுப்பு எனக்கு உண்டு. 22 பாகையில் குளிர்ந்து நின்ற காரின் கதவைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டால், குளிர்ந்த உலோகம் எல்லாவற்றிலும் நீர் கட்டும். கடலோர உப்புடன் சேர்ந்து அது மின் இணைப்புகளை அரிக்கும். தரைக்கும் ஒரு சொல்: இறப்பர் பாய் விரிக்க வேண்டாம். பகலில் கராஜில் மிகவும் குளிர்ச்சியான பரப்பு அந்தச் சீமெந்துத் தரைதான், பற்றரியும் அதற்கு நேர் மேலேதான் நிற்கும்.

சார்ஜ் செய்யும் முறையும் வெப்பத்தின் ஒரு பகுதியே. 3 கிலோவாட்டில் ஏற்றினால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 வாட் வரையில், வெப்பமாகக் கராஜிலேயே தங்கும். மாலையில் வேலையால் வந்தவுடன், சூடான காரைச் சூடான கராஜில் விட்டுப் பிளக்கைச் சொருகுவது பற்றரிக்குச் செய்யக்கூடியவற்றில் மிகவும் கூடாதது. வந்ததும் மாமர நிழலில் விட்டுவிட்டு, இராச் சாப்பாட்டுக்குப் பின்னர் உள்ளே எடு. மின்சாரத்தின் நேரவாரிக் கட்டணத்தில் குறைந்த விலை நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, வெளியே குளிர்ந்திருக்கும் நேரமும் அதுவே. 40 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு 16 கிலோவாட் மணி தேவை. அது ஏறக்குறைய ஆறு மணித்தியால வேலை, ஆகவே காலையில் நீ புறப்படச் சற்று முன்னர் முடியும்படி டைமரை வைக்கலாம். 100 வீதம் யாழ்ப்பாணத்துக்குப் போகும் நாளுக்கு மட்டும். பிள்ளைகளுடன் நீண்ட விடுமுறைக்கு வெளியூர் போனால் 50 வீதத்தில் விட்டுப் போ. வேகச் சார்ஜர் பற்றரியை நன்றாகச் சூடாக்கும். அதில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று ஷட்டரைத் திறந்தே வை, முற்றத்துப் படலையைப் பூட்டினால் போதும்.

வயர் விடயத்தில் சிக்கனம் பாராதே. வயர் சுமக்கக்கூடிய மின்னோட்டத்தின் அளவு 30 பாகைச் சூழலுக்குக் கணக்கிடப்பட்டது. சாதாரண பிவிசி வயர் 40 பாகையில் அதன் 87 வீதத்தையும், 50 பாகையில் 71 வீதத்தையும் மட்டுமே பாதுகாப்பாகச் சுமக்கும். கூரைத் தகட்டுக்குக் கீழே 50 பாகை சர்வசாதாரணம். ஆகவே சார்ஜருக்கான வயர் கூரையைத் தொடாமல், சுவரின் அடியால், தடித்த அளவில் தனியாக வரவேண்டும். அதற்கென்று தனி பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். பழைய உருண்டைப் பின் பிளக்கில் இரவு முழுவதும் ஏற்ற நான் அனுமதிக்கமாட்டேன். எளிதில் தீப்பற்றக்கூடிய அப்பாவின் பெயின்ற் தகரங்களும் தின்னர் போத்தல்களும் இந்தக் கிழமையே பின்வளவுக்குப் போகின்றன.

மேற்குச் சுவர்த் திறப்புக்கும் துளையிட்ட ஷட்டருக்கும் உன் சம்மதம் இம்மாதம் முடிவதற்குள் எனக்குத் தேவை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் பாஸ் மே பிறக்காமல் திரும்பிவரமாட்டார். மேயில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கூரைக்குப் பெயின்ற் அடிக்க முடியாது. ஷட்டரின் நிறத்தை மருமகனிடம் கேட்டு எழுது, வெள்ளையோ வெளிர்ச் சாம்பலோ தவிர வேறு நிறம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா