'இடிக்கும்' அல்ல, 'இடிந்து விழும்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் ஜேர்மன் இசைக்குழுக்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இரும்பையும் மெசின்களையும் இசைக்கருவிகளாக்கின பேர்லினின் 'ஐன்ஷ்டூர்ட்ஸெண்டே நொய்பௌட்டன்' குழுவுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கியதில் எனக்குப் பெரிய சந்தோசம். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இப்படி ஒன்று கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் கட்டுரையாளர் குழுவின் பெயரைப் 'புதிய கட்டடங்களை இடிப்போர்' என்று தமிழாக்கியிருக்கிறார். அதையே பிடித்துக்கொண்டு, இளமையில் இடித்தார்கள், இரைச்சல் போட்டார்கள், வயது போனதும் அடங்கிவிட்டார்கள் என்று எழுதி முடித்திருக்கிறார். பெயரைப் பிழையாக விளங்கிக்கொண்டதால்தான் முடிவும் பிழைத்திருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோம். சுவர் இடிந்தது. சுவரை இடித்தான். 'ஐன்ஷ்டூர்ட்ஸன்' என்ற ஜேர்மன் வினைச்சொல் முதலாவது வகை. ஆகவே பெயர் 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்'. இடிக்கிற ஆள் அந்தப் பெயருக்குள் இல்லை.

'நொய்பௌ' என்ற சொல்லும் இங்கே வீடு தேடி அலைந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல். இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் கட்டியது 'அல்ட்பௌ', பின்னர் கட்டியது 'நொய்பௌ'. வாடகை விளம்பரத்தில் முதலில் கண் தேடுவது அதைத்தான். நான் 1984 இல் கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்றிஷ்ஸ்ட்றாஸ நிலையத்தால் ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அது. வெடிங் பகுதியில் ஒரு அல்ட்பௌ அறையில் நாலு பேர் இருந்தோம். கரி அடுப்புச் சூடு, படிக்கட்டின் இடைத்தட்டில் பொதுக் கக்கூஸ். நொய்பௌ கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். கிடைத்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது வரைக்கும் கேட்கிற சுவர் என்று தெரிந்தது. இடிந்து நொறுங்கின நகரத்தை அவசர அவசரமாகக் கட்டி எழுப்பி, பழசெல்லாம் முடிந்தது என்று சொல்லப் பார்த்த கொங்கிறீற் அது. அந்த நகரத்துப் பிள்ளைகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் இது.

அவர்களுடைய முதல் நிகழ்ச்சி 1980 ஏப்ரல் 1 ஆம் திகதி, 'மூன்' என்ற மேற்கு பேர்லின் கிளப்பில். அதே வருடம் மே 21 ஆம் திகதி, 1957 இல் அமெரிக்கர்கள் அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த காங்கிரஸ் மண்டபத்தின், அதாவது மாநாட்டு மண்டபத்தின், கூரை தானாகவே இடிந்து விழுந்தது. ஒருவர் இறந்துபோனார். குண்டு இல்லை, பூகம்பம் இல்லை. கொங்கிறீற்றுக்குள் இருந்த உருக்குக் கம்பிகள் துருப்பிடித்து அறுந்தன. பெயர் வைத்து இரண்டு மாதத்துக்குள் நகரமே அந்தப் பெயருக்கு அர்த்தம் சொன்னது. அந்த மண்டபத்தைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் நடக்கிறபோது கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்க்காமல் நான் போனதில்லை.

இனி, இரைச்சல் என்ற சொல். நான் முப்பது வருடம் உலோகப் பட்டறையில் வேலை செய்தவன். அதில் பதினொரு வருடம் தகடு அழுத்துகிற பிரெஸ் மெசினில். ஆரம்ப வருடங்களில் காதுக்கு மூடி தரவில்லை. எங்கே என்று சொல்ல வேண்டாம். இடது காது பாதி போய்விட்டது. இரைச்சல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது கேட்கிறவனைப் பற்றிக் கவலைப்படாத சத்தம்.

1987 இல் அதே பட்டறையில் தொழில் பழக வந்த ஒரு ஜேர்மன் பெடியன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கசெற் போட்டான். 1985 இல் வந்த 'ஹால்பர் மென்ஷ்', அதாவது 'அரை மனிதன்'. எல்லோரும் நிற்பாட்டச் சொன்னார்கள். நான் மட்டும் பாணைக் கையில் பிடித்தபடி இருந்தேன். அதில் ஒரு பெரிய சுருள்வில்லை யாரோ அடிக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடி விழுந்தவுடன் ஒரு கூர்மை, பிறகு வளையம் வளையமாகக் கீழே இறங்குகிற ஒரு ரீங்காரம். உள்ளே வெடிப்பு இருக்கிற வில்லு அப்படிப் பாடாது, 'தொம்' என்று செத்துப்போகும். நாங்கள் பட்டறையில் சுத்தியலால் தட்டி அதைத்தான் பார்ப்போம். ஊரில் அம்மா சந்தையில் பானை வாங்கும்போது சுண்டுவிரல் மொளியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பா. கீறல் இருந்தால் பானை தானே சொல்லும். அந்தக் கசெற்றில் நான் கேட்டது அம்மாவின் அந்தத் தட்டலைத்தான். பக்குவமான இரும்பு எது, எங்கே அடித்தால் என்ன சொல்லும் என்று தெரிந்த ஒருவர் அதை அடித்திருக்கிறார். அவர் குழுவின் தாளக்காரர் எஃப்.எம். ஐன்ஹைட் என்று பிறகு அறிந்தேன்.

அவர்கள் எதையும் உடைக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1984 ஜனவரி 3 ஆம் திகதி இலண்டனில் ஒரு கலை நிலையத்து மேடையில், குழுவினர் சிலரும் வேறு சிலரும் சேர்ந்து கொங்கிறீற் உடைக்கிற துளைப்பான், கலவை மெசின், சங்கிலி வாள் எல்லாம் போட்டு மேடையையே தோண்டத் தொடங்கி, நிலையத்தார் மின்சாரத்தை நிற்பாட்டவேண்டி வந்தது உண்மை. கட்டுரையின் பாதி அந்த ஒரு இரவைப் பற்றியதுதான். ஆனால் அதற்கு முன்னரே, 1980 இல், குழுவின் பாடகர் பிளிக்ஸா பார்கெல்டும் தாளக்காரர் என்.யூ. உன்ரூவும் பேர்லின் நகர நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் வயிற்றுக்குள், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பொந்தில் குனிந்து நுழைந்து, மேலே வாகனங்கள் ஓட உள்ளே இரும்பைத் தட்டி ஒலிப்பதிவு செய்தார்கள். பாலத்தை உடைக்க யாரும் அப்படி உள்ளே போவதில்லை. அது என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் போவார்கள்.

'பிறகு அடங்கிவிட்டார்கள்' என்பதற்குக் கட்டுரையாளர் காட்டுகிற உதாரணம் 2000 இல் வந்த 'சைலன்ஸ் இஸ் செக்ஸி'. அந்தத் தலைப்புப் பாட்டில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இழுக்கிற சத்தமும் நீண்ட மௌனமும் இருக்கின்றன. மௌனத்துக்கு நடுவில் புகையிலை கருகுகிற சரசரப்பைக் கேட்கவைக்க எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வானொலிக்காரன் அந்த இடத்தில் ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று பதறிப்போவான். அந்தப் பிடிவாதம் 2000 இல் புதிதாக வந்ததும் இல்லை. நான் சொன்ன அந்த 'ஹால்பர் மென்ஷ்' தலைப்புப் பாட்டிலேயே இரும்பு இல்லை. முழுக்க முழுக்க மனிதக் குரல்கள், ஒரு கோரஸ். பட்டறையில் அன்று அந்தப் பெடியன் கசெற்றைத் திருப்பிப் போட்டு இதைக் கேட்கவைத்தபோது, இது கோயில் பாட்டா என்று ஒருவர் கேட்டார்.

1990 களின் நடுவில் மார்க் சங்கும் ஐன்ஹைட்டும் குழுவை விட்டு விலகினார்கள். பலர் அத்தோடு முடிந்தது என்றார்கள். 1996 இல் வந்த இசைத்தட்டின் பெயர் 'எண்டே நொய்'. குழுவின் பெயரில் இரண்டு சொற்களும் சந்திக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தது அது. ஐன்ஷ்டூர்ட்ஸ் போய்விட்டது, பௌட்டன் போய்விட்டது, நடுவில் 'எண்டே நொய்' மிஞ்சியது. 'எண்டே' என்றால் முடிவு, 'நொய்' என்றால் புதிது. பெயரையே தட்டிப் பார்த்து அதற்குள் இருந்த சத்தத்தை எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பாடினால்தான் வெளிநாட்டில் விலைபோகும் என்றிருந்த காலத்திலும் பெரும்பாலும் ஜேர்மனிலேயே எழுதினவர் பார்கெல்ட். நான் ஜேர்மன் படித்தது அலுவலகக் கடிதங்களில். 'தற்காலிகமாகச் சகித்துக்கொள்ளப்படுகிறார்' என்று, நாட்டை விட்டு அனுப்பாமல் விட்டுவைத்த என்னைப் பற்றி எழுதின மொழி அது. அந்த மொழிக்குள் இப்படி விளையாடவும் முடியும் என்று எனக்குக் காட்டியது இவருடைய பாட்டுகள்தான். அதை நான் மறக்கமாட்டேன்.

2002 இல் இசைத்தட்டுக் கம்பனிகளை நம்பாமல் இரசிகர்களிடமே நேரடியாகச் சந்தா வாங்கி, இணையத்தின் வழியே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர்களைப் பார்க்கவிட்டு வேலை செய்தார்கள். 2004 நவம்பரில் கிழக்கு ஜேர்மனியின் பழைய குடியரசு மாளிகையில், கல்நார் அகற்றி எலும்புக்கூடாக நின்ற கட்டடத்துக்குள், சந்தா கட்டினவர்களையே கோரஸாக நிறுத்திப் பாடினார்கள். சில வருடத்தில் அந்தக் கட்டடத்தையே பிரித்து எடுத்துவிட்டார்கள். அதை அரசாங்கம்தான் பிரித்தது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது 'லமென்ட்'. 'ஒப்பாரி' என்று சொல்லலாம். முதலாம் உலகப்போர் தொடங்கி நூறு வருடமான 2014 இல், பெல்ஜியத்தின் டிக்ஸ்மவுட ஊருக்காகச் செய்தது. அதில் ஒரு பகுதி, போரின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். நாடு போருக்குள் நுழையும்போது அதன் குழாய் சேரும், விலகும்போது நிற்கும். நாலு வருடச் சாவும் ஏறக்குறைய 13 நிமிடத்தில் முடிகிறது. அதே படைப்பில் உன்ரூ முட்கம்பியை நரம்பாகக் கட்டின யாழையும் வாசிக்கிறார்.

இன்னொரு பகுதியை வலது காதில் ஹெட்போனை வைத்து இரவில் கேட்டேன். அந்தப் போரில் ஜேர்மன் முகாம்களில் இருந்த கைதிகளின் குரல்களை மொழியியல் அறிஞர்கள் இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தார்கள். பேர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃப் முகாமில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் குரல்களும் அந்தச் சேமிப்பில் இருக்கின்றன. கைதிகள் பலரிடம் பைபிளின் ஊதாரி மகன் கதையை அவரவர் பேச்சுமொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பைப் படிப்பதற்காம். வீட்டை விட்டுத் தூர தேசம் போன மகன், திரும்பி வந்து தகப்பனின் காலில் விழுகிற கதை. அந்தக் குரல்களை பதினாறாம் நூற்றாண்டுக் கோயில் இசை ஒன்றோடு நெய்து, தங்களுடைய சத்தத்தை முழுவதும் ஒதுக்கிவைத்துக் கேட்கவைத்திருக்கிறார்கள். ஒருவர் தடுமாறித் தடுமாறிச் சொல்கிறார். இன்னொருவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்புவிக்கிறார். என் அப்பா காலமானபோது எனக்கு ஊர் போகப் பத்திரம் இல்லை. ஹெட்போன் வைத்த அந்த இரவில் அந்தப் பகுதியை மூன்று தரம் கேட்டேன்.

இளமையில் கத்தினவர்கள் அறுபது வயதில் அடங்கிவிட்டார்களாம். 2020 இல், நாற்பதாவது வருடத்தில் வந்த 'அல்லஸ் இன் அல்லெம்' தட்டைக் கட்டுரையாளர் ஒருதரம் கேட்கட்டும். பேர்லினின் இடங்கள் அதன் பல பாட்டுகளில் வருகின்றன. என் வெடிங்கின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. 'டாஷன்' என்று ஒரு பாட்டு, 'பைகள்'. சந்தையில் விற்கிற பெரிய பிளாஸ்டிக் பைகளுக்குள் துணிகளை அடைத்து அவற்றை முரசாக அடித்திருக்கிறார்கள். இரும்பின் ரீங்காரம் இல்லை. 'பொத்' என்று ஒரு கனமான, அமுங்கின அடி. கேட்டவுடன் எனக்குத் தெரிந்தது. 1984 இல் நான் தோளில் போட்டுக்கொண்டு வந்தது நீலமும் சிவப்பும் கட்டம்போட்ட அப்படியொரு பை. இரண்டு சாறம், ஒரு சுவெற்றர், அம்மா பழஞ்சேலையில் சுற்றித் தந்த பருத்தித்துறை வடை ஒரு பொதி. பிரீட்றிஷ்ஸ்ட்றாஸ நிலையப் படிக்கட்டில் அதை இறக்கி வைத்தபோது வந்த சத்தம் அதேதான். இன்றைக்கும் அந்தப் பை என் நிலவறையில் இருக்கிறது.

அடுத்த பதிப்பில் பெயரை மட்டுமாவது 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்று திருத்திப் போடும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
வெடிங், பேர்லின்.