சுற்றுலா படித்த பிள்ளைகளை மலைக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி விடுதிக்காரர்கள், கடைக்காரர்கள் என்று பலரும் உங்கள் பத்திரிகையில் கருத்துச் சொல்லிவிட்டார்கள். நான் வத்தலக்குண்டில் இருந்து 26 வருடமாக மலைக்கு வேன் ஓட்டுகிறவன். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அதை என் மகளின் படிப்பில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

மகள் மதுரையில் முதுகலை சுற்றுலா மேலாண்மை படிக்கிறாள், இது கடைசி வருடம். சேர்த்த அன்று என் மச்சினன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன் மாமா, ஊர் சுத்திப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா? அதான் வாசல்லயே வேன் நிக்குதே!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பி.காம். முடித்த பெண் வங்கித் தேர்வு எழுதுவாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதல் வருடம் என் சந்தேகம் கூடத்தான் செய்தது. அமேடியஸ், கலிலியோ என்று விமான டிக்கெட் போடும் மென்பொருள், ஓட்டல் வரவேற்பு, டூர் பேக்கேஜுக்கு விலை போடுவது, இவைதான் பாடம். விடுமுறையில் பயிற்சிக்கு என்று ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் பாஸ்போர்ட்டை நகல் எடுத்ததும், வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததும்தான் மிச்சம்.

போன மே மாதம் லீவுக்கு வந்தவள், ஒரு நாள் என்கூட வேனில் வருகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை. மலைப்பாதையில் வரும் சில்வர் கேஸ்கேடு அருவிக்குக் கீழேயே வண்டிகள் நின்றுவிட்டன. பின் சீட்டில் ஒரு பாட்டி, சர்க்கரை வியாதிக்காரர். கழிப்பறைக்குப் போக வேண்டும், எங்கே இறக்கிவிடுவது? ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. கடைசியில் மருமகள் புடவையை மறைப்பாகப் பிடிக்க, ரோட்டோரமாகவே முடித்துக்கொண்டார். அந்த அம்மா அதற்கப்புறம் ஊர் திரும்பும்வரை யாரிடமும் பேசவில்லை.

அன்று ராத்திரி மகள் நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு இடம் எத்தனை பேரைத் தாங்கும்னு கணக்குப் போடலாம் தெரியுமா?" என்றாள். தாங்குதிறன் என்று அவர்களுக்கு ஒரு பாடமாம். சிஃபுவென்டஸ் என்பவர் 1992இல் கோஸ்டா ரிகா நாட்டில் வெளியிட்ட முறை. அதைக் கொடைக்கானலில் மலை விளிம்பில் இருக்கும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்குக்குப் போட்டுக் காட்டினாள்.

பாதை 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் இடிபடாமல் நடந்து, நின்று பார்க்க 3 மீட்டர். அப்படியென்றால் ஒரே நேரத்தில் 333 பேர். ஒருவர் அரை மணி நேரம் இருக்கிறார், பாதை பத்து மணி நேரம் திறந்திருக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 20 சுற்று. ஆக 6,660 பேர். "அவ்வளவுதானே, சுலபமா இருக்கே" என்றேன். "இருங்கப்பா" என்றாள். மூடுபனியும் மழையுமாக மூன்று மணி நேரம் போய்விட்டால் மீதி ஏழு மணி நேரம்தான், 4,662 பேர். அப்புறம் கழிப்பறை, குப்பை அள்ளுகிற ஆள், காவலுக்கு ஆள். பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருந்தால் அதையும் 0.6ஆல் பெருக்க வேண்டுமாம். வந்து நின்றது 2,800க்குக் கொஞ்சம் கீழே.

இது அவள் பழகிப் பார்ப்பதற்காகப் போட்ட கணக்கு, அளந்து எடுத்தது இல்லை. ஆனாலும் எனக்குச் சுரீரென்றது. என் வண்டிக்கு ஆர்.டி.ஓ. 12 சீட்டு என்று எழுதிவிட்டால் அது 12தான். மலைக்கு அப்படி இல்லை. அதே பாதையில் வேலைக்கு இன்னும் நான்கு ஆளைப் போட்டால், தாங்குகிற எண்ணிக்கை கூடுகிறது. ஆளைக் குறைத்தால் குறைகிறது.

இப்போது வண்டியைத்தான் எண்ணுகிறோம். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு. 2025 சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வேண்டியதுதான், எனக்குச் சவாரி குறைந்தாலும் சொல்கிறேன். ஆனால் மேலே ஏறிய பிறகு என்ன நடக்கிறது? எல்லா டிரைவரும் காலை பத்து மணிக்கு ஒரே பன்னிரண்டு மைல் ரவுண்டுக்குத்தான் போகிறோம். மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை. ஒரு மலையாளப் படம் ஓடினாலும் ஓடியது, குணா குகை வாசலில் வேனைத் திருப்பக்கூட இடம் இல்லை. பாதி வண்டியைக் காலையில் ஏரிப் பக்கமும் பாதியை மத்தியானமும் அனுப்பினால் போதும் என்பது எங்களுக்கே தெரிகிறது. யார் அனுப்புவது? தூண் பாறை வனத்துறைக்கு, பிரையண்ட் பூங்கா தோட்டக்கலைத் துறைக்கு, ஏரி நகராட்சிக்கு. ஒவ்வொருவருக்கும் தன் டிக்கெட் கணக்கு. மொத்த ஊரையும் சேர்த்து, மணிக்கு மணி பார்த்து வண்டியைத் திருப்பிவிட ஓர் ஆள் இல்லை.

அந்த வேலைக்குத்தான் என் மகள் மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா மூன்றையும் சேர்த்தே ஒரு துறை வைத்திருக்கிறார்களாம், அவள் சொல்லித்தான் தெரியும். இங்கே பூங்கா என்றால் செடி வளர்ப்பவர் வேலை, சுற்றுலா என்றால் டிக்கெட் போடுபவர் வேலை. வருகிற மனுஷனைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்றுதான் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் சுற்றுலா படிக்கும் மாணவர்களை, டிராவல்ஸ் கடையில் டீ வாங்க அனுப்பாமல், கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அனுப்பலாம். தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் கொடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணிக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், கழிப்பறை வரிசை எவ்வளவு நீளம் என்று எழுதட்டும். பிறகு அந்தக் கணக்கைப் பார்த்து வண்டிகளை நேரம் பிரித்து அனுப்ப ஒரு பதவியை உண்டாக்கி, இதைப் படித்தவர்களுக்கே கொடுங்கள். 2018இல் குறிஞ்சி பூத்தது, அடுத்தது 2030. அந்த வருடக் கூட்டத்தை இப்போது இருப்பது போலவே சமாளித்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேனில் முன் சீட்டு காலியாக வைக்கிறேன், வரட்டும்.

மகள் இப்போது ஆய்வேட்டுக்காக என்னிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். நின்ற இடம், வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுத வேண்டும். போன சனிக்கிழமை எழுதியது: தூண் பாறை, வந்தது 11.20, கிளம்பியது 12.05. அதில் வண்டி நிறுத்த இடம் தேடியது 18 நிமிடம். சவாரி வந்தவர்கள் பாறையைப் பார்த்தது 9 நிமிடம்.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
வத்தலக்குண்டு