ஆடிக்குள் பெயின்ட் அடிக்க விடாதே

அன்பு மாப்ளே,

பதில் போட ரொம்ப நாளாகிவிட்டது, கோபப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். அத்தாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஃபிட்டர் அண்ணன், "இன்னும் அவனுக்கு எஞ்சின் கிறுக்கு போகலையா?" என்றார். போகவே வேண்டாம் மாப்ளே!

நீ அனுப்பிய பழைய கரி எஞ்சின் போட்டோவில் பக்கத்துக்கு மூன்று பெரிய சக்கரம் தெரிகிறது. சரக்கு வண்டி இழுத்த ஒய்.ஜி. வகை என்றால் நான்கு இருக்கும். ஆகவே உங்கள் தோப்பில் நிற்பது பயணிகள் வண்டி இழுத்த ஒய்.பி.யாகத்தான் இருக்கணும். டேப் வைத்துப் பார், ஒய்.பி. என்றால் சக்கரத்தின் குறுக்களவு 54 அங்குலத்தை ஒட்டி வரும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 2007-ல் அகலப்பாதை வரும்வரை நம் ராமேஸ்வரம் தடம் மீட்டர் கேஜ், அதாவது குறுகிய பாதை. அந்தத் தண்டவாளமே இல்லாமல் போன கரையில் இப்படி ஒன்று வந்து நிற்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அதனால்தான் ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்துவிடப் போகிறார்கள் என்று உன் கடிதத்தில் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. எப்படியாவது நிறுத்து. கரி எஞ்சின் உள்ளிருந்துதான் அரிக்கும்; வெளியே பளபளக்கும்போதே அடித்தகடு சல்லடையாகியிருக்கும்.

முதலில் ஸ்மோக் பாக்ஸ், அதுதான் முன்னால் புகை சேரும் பெட்டி, அதன் கதவைத் திறக்கச் சொல். அடியில் பழைய சாம்பல் கட்டாயம் கிடக்கும். கரியில் உள்ள கந்தகம் அதில் தங்கியிருக்கிறது. ஈரம் பட்டால் அமிலமாகி இரும்பைத் தின்னும். ஒரு பிடிகூட விடாமல் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட வேண்டும். கரி எரியும் ஃபயர் பாக்ஸ் கம்பிகளுக்கு இடையிலும், அதன் கீழே சாம்பல் விழும் ஆஷ் பேனிலும், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் கரித்தூளிலும் இதே வில்லங்கம்தான்.

புகைபோக்கிக்கு மூடி இருக்கிறதா? இல்லையென்றால் மழைத்தண்ணீர் நேரே நீராவி வெளியேறும் பிளாஸ்ட் பைப்புக்குள் இறங்கி, அங்கிருந்து சிலிண்டருக்குப் போய் பிஸ்டனை இறுக்கிவிடும். மூடியைக் காற்று போக இடைவெளி விட்டுப் போடுங்கள், சிலிண்டரில் தண்ணீர் வடிக்கும் ட்ரெயின் காக்குகள் எப்போதும் திறந்தே இருக்கட்டும். டெண்டர் தொட்டியின் அடியில் தேங்கியதையும் வடித்துவிடுங்கள்.

பாய்லரைக் கழுவும் ஓட்டைகளை அடைத்திருக்கும் வாஷ்அவுட் பிளக்குகளைக் கழற்றி, கீழ் மூலைகளில் படிந்த சேற்றை எடுக்க வேண்டும். பிறகு இரண்டில் ஒன்று: பிளக் ஓட்டைகளுக்குக் குளவி புகாத வலை கட்டிக் காற்றோட்டமாக விடலாம், அல்லது நன்றாகக் காயவைத்து, தட்டுகளில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைத்து இறுக்கி மூடலாம். சுண்ணாம்பு ஈரம் குடித்துப் பருக்கும், தட்டில் பாதிக்கு மேல் வைக்காதே; பூத்துப்போனால் மாற்று. அரைகுறையாக மூடிவைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். பாய்லரைச் சுற்றிய மெல்லிய தகட்டுக்குள் வெண்சாம்பல் நிறத்தில் நார்மெத்தை தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பையன்களைக் கிட்டே விடாதே. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துக் கொல்லும். அந்த வேலை தெரிந்த ஆட்கள்தான் நனைத்து, முகமூடி போட்டு எடுக்க வேண்டும். எடுக்காமலும் விடமுடியாது, உப்பு ஈரத்தை அது பாய்லரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும்.

பெயின்ட் கதைக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் மணலும் உப்பும் பறக்கும். காலையில் சுரண்டிய இரும்பு சாயங்காலத்துக்குள் செம்பட்டையாகும். மாசி, பங்குனிதான் சரியான காலம். பனி காய்ந்த பிறகு தொடங்கணும், தகட்டின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, 3 டிகிரியாவது கூட இருக்கணும். துருவை எடுக்கக் கடல்மணலை அள்ளிவராதே! அந்த உப்பு பெயின்டுக்கு அடியில் தங்கி, ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். கழுவ போர் தண்ணீரும் வேண்டாம், காவிரிக் குடிநீர் பிடி. உப்பு போயிற்றா என்று பார்க்கப் பள்ளிக்கூட லேபில் சில்வர் நைட்ரேட் கரைசல் கேட்டு வாங்கு. கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டு, கழுவாத குடிநீரில் ஒரு சொட்டு. முதலாவது அதிகமாக வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் உப்பு இருக்கிறது, மறுபடி கழுவு. சுத்தமான அன்றே துருவைத் தடுக்கும் முதல் பூச்சான ஜிங்க் பிரைமர் ஏறிவிட வேண்டும்.

சக்கரத்தைச் சுழற்றும் கனெக்டிங் ராடுகளுக்கு அலுமினியப் பெயின்ட் அடிக்கும் வழக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவை பளபளவென்று தேய்த்து வைக்க வேண்டிய இரும்பு. கெட்டிக் கிரீஸ் தடவினாலும் மணல் ஒட்டும். துருத்தடுப்பு மெழுகு மெல்லிசாகப் பூசினால் போதும்.

கூட்டத்துக்கு ஏதாவது காட்டியாக வேண்டும் என்று அங்குள்ள பெரியவர் அடம்பிடித்தால், சுற்றி வேலி போட்டு, எஞ்சினைக் கழுவித் துடைத்து ஒரு பலகை எழுதி வைக்கட்டும். ஸ்மோக் பாக்ஸ் அடித்தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எங்கெங்கே சத்தம் மங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு போட்டோ அனுப்பு. அதைப் பார்த்துத்தான் எவ்வளவு தகடு மாற்ற வேண்டும் என்று ஃபிட்டர் அண்ணன் சொல்வார். அத்தாவுக்கு என் சலாம்.

உன் மச்சான்